மாமியோடு ஆடிய முந்நூற்றிநாலு

கராம்பு வாசம் வந்தால் மற்றவர்களுக்கு வாய் ஊறும். எனக்குக் கை விளையாட்டுக் கடதாசிக் கட்டைத் தேடும்.

போன கிழமை ஒரு கலியாண வீட்டில் வெற்றிலைத் தட்டம் என் முறைக்கு வந்தது. மேலே மூடியிருந்த வெள்ளைத் துணியை விலக்கினேன். ஈர வெற்றிலை, சீவிய பாக்கு, ஏலம், கராம்பு. அந்த வாசம் மூக்கில் ஏறி, அங்கே நிற்காமல் இருபது வருடம் பின்னால் ஓடி, சாய்ந்தமருதில் ஒரு வீட்டின் உள்வாசலில் போய்ச் சம்மணம் போட்டு இருந்துவிட்டது. தட்டத்தை மடியில் வைத்தபடி நானும் அங்கேயே இருந்திருக்கிறேன்.

"மாஸ்டர், எடுக்கிறதெண்டா எடுங்க. இல்லாட்டி இஞ்சால தள்ளுங்க" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

தள்ளினேன்.

இந்தத் தொடரில் இதுவரை என் வசனகவிதைகளின் பெருமையை எழுதி உங்களைக் களைக்க வைத்தாயிற்று. அக்கரைப்பற்றிலிருந்து ஒரு வாசகர், "நீங்கள் ஒருநாளாவது ஒரு இடத்திலாவது தோற்றதில்லையா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். அவருடைய மனம் குளிரட்டும். இந்தக் கிழமை முழுக்கத் தோல்விதான்.

நாற்பது நாள் மாப்பிள்ளை

ஐம்பதுகளின் நடுவில் ஏதோ ஒரு வருடம். எங்கள் கரையில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டி தூக்குவான். வீடு பெண்ணுக்குரியது. அவளுடைய உம்மா வாழ்ந்த வளவிலேயே அவளும் வாழ்வாள். ஆகவே நான் மருதமுனையிலிருந்து ஒரு தகரப் பெட்டியும், நாலு கவிதைக் கொப்பியும், ஆசிரியர் கலாசாலைச் சான்றிதழுமாகச் சாய்ந்தமருதுக்கு மாப்பிள்ளையாகப் போய் இறங்கினேன்.

தறிச் சத்தத்துக்குள் பிறந்தவன் நான். வாப்பா நெய்வார், என் அண்ணன் காக்கா நெய்வார், பக்கத்து வீடு நெய்யும், அதற்குப் பக்கத்து வீடும் நெய்யும். அந்தச் சத்தத்தில் நான் நினைத்ததையெல்லாம் பெரிய நினைப்பு என்று நம்பியிருந்தேன். சாய்ந்தமருது வீட்டில் கடல் மட்டும்தான் கதைத்தது. அந்த அமைதியில் என் நினைப்புகளை முதன்முறையாகக் காது கொடுத்துக் கேட்டேன். அவ்வளவு பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை.

வேலை இன்னும் கிடைக்கவில்லை. நாற்பது நாளைக்குப் புதுமாப்பிள்ளை வெளியே அலையக்கூடாது என்று ஒரு வழக்கம். சாப்பாடு வரும், தூக்கம் வரும், மறுபடியும் சாப்பாடு வரும்.

வீட்டில் மூன்று பேர். நான், என் மனைவி ஹபீபா, அவளுடைய உம்மா. ஹபீபா ஒரே பிள்ளை. அவளுடைய வாப்பா கருவாட்டு வியாபாரி. எங்கள் கலியாணத்துக்கு ஐந்து வருடம் முன்பே மௌத்தாகிவிட்டார்.

மாமியை நான் பார்த்ததே இல்லை என்று சொன்னால் நம்ப வேண்டும். அந்தக் காலத்தில் மாமி மருமகனுக்கு முன்னால் வருவதில்லை. நேரே கதைப்பதும் இல்லை. முன்அறைக்கும் உள்அறைக்கும் இடையில் ஒரு திரை. மருதமுனைக் கட்டம் போட்ட துணி, எங்கள் வாப்பா நெய்தது, சீர்வரிசையோடு போனது. அதற்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் குரல் மட்டும்.

நடுவில் ஹபீபா. அங்கிருந்து வருவதை எனக்குச் சொல்வாள். நான் சொல்வதை அங்கே சொல்வாள்.

"மகள், அவருக்கு ஆணம் உறைப்பா எண்டு கேளு."

கறியைத்தான் கேட்கிறா. எனக்குக் காது கேட்கும். ஆனால் வழக்கம் வழக்கம்தானே. ஹபீபா கேட்கும்வரை பொறுத்திருந்து, திரைக்கும் எட்டும் குரலில் சொன்னேன்: "இந்த உறைப்பு மாரிகாலத்து மின்னலைப் போல. முதலில் நாவில் வெளிச்சம். இடி பிறகுதான் வருகிறது."

"என்ன கா சொல்றாரு?"

"தண்ணி வேணுமாம்" என்றாள் ஹபீபா.

வெற்றிலைப் பெட்டிக்குள்

ஒருநாள் பல்வலி. கராம்பு தேடி மாமியின் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தேன். அடித்தட்டில், பாக்குவெட்டிக்குக் கீழே, வேட்டித் துண்டில் சுற்றிய ஒரு பொதி. அவிழ்த்தால் விளையாடும் கடதாசி!

எனக்குத் தேகம் புல்லரித்தது. பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார்மார் வந்து போகும் வீடு. ஐந்து நேரத் தொழுகை தவறாத மாமி. ஏதோ பெரிய குடும்ப மர்மத்தைப் பிடித்துவிட்ட துப்பறிவாளனைப் போல ஹபீபாவைக் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில், "இது ஆருடைய?" என்று கேட்டேன்.

"வாப்பாட. மாரியில கடல் மூடிட்டெண்டா உம்மாவும் வாப்பாவும் பகலில ஆடுவாங்க. காசு வைக்கிறல்ல."

திரை அசைந்தது.

"மகள், அவருக்கு ஆடத் தெரியுமா எண்டு கேளு."

ஐந்து வருடம் ஆள் கிடைக்காமல் இருந்த குரல் அது. அதை விளங்கிக்கொள்ள எனக்கு இருபது வருடம் பிடித்தது. அன்றைக்கு விளங்கியது எல்லாம், என் திறமையை ஒருவர் விசாரிக்கிறார் என்பதுதான்.

"தெரியுமாவா? கலாசாலை விடுதியில் முந்நூற்றிநாலு என்றால் என் பெயரைத்தான் சொல்வார்கள்" என்றேன்.

சொன்னார்கள்தான். யாரைச் சோடியாகப் போட்டால் தோற்கலாம் என்று கேட்டால், என் பெயரைச் சொன்னார்கள்.

ஆடும் முறை

முந்நூற்றிநாலு நாலு பேர் ஆடும் ஆட்டம் என்பது எல்லோருக்கும் தெரியும். மாமியும் அவருடைய புருஷனும் ஆடியது அதை இரண்டு பேருக்காக மடித்துத் தைத்த ஆட்டம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

கட்டிலிருந்து இரண்டு முதல் ஆறு வரையுள்ள சின்னன்களைக் கழித்துவிட வேண்டும். மிச்சம் முப்பத்திரண்டு. ஆளுக்குப் பதினாறு. முதலில் எட்டைக் குப்புற வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் மேலும் ஒன்றாக எட்டை மலர்த்தி வைக்க வேண்டும். மேலே கிடப்பதை இரண்டு பேரும் பார்க்கலாம். கீழே கிடப்பதை வைத்தவரும் பார்க்கக்கூடாது. மேல் கடதாசியை ஆடினால்தான் அதற்குக் கீழே உள்ளதைத் திருப்பலாம்.

ஒருவர் ஒன்றை இறக்கினால் மற்றவர் அதே இனத்தில் போட வேண்டும். இல்லையென்றால் துருப்பால் வெட்டலாம், அல்லது உதவாத ஒன்றைக் கழிக்கலாம். பெரியதைப் போட்டவர் இரண்டையும் எடுப்பார்; அது ஒரு பிடி. தன் முதல் நாலு கடதாசியைப் பார்த்தவுடன், பங்கு போடாதவர் துருப்பு இனத்தைச் சொல்லிவிட வேண்டும். பிறகு மாற்ற முடியாது.

இனங்கள் நாலு: இஸ்கோப்பன், ஆடுத்தன், உருவித்தன், கலாவரை. ஒல்லாந்தர் கோட்டையைக் கட்டிவிட்டுப் போனார்கள். இந்தப் பெயர்களையும் விட்டுவிட்டுப் போனார்கள். கோட்டையில் புல் முளைத்துவிட்டது.

இனி, இந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதன் அரசாங்கம். யாக்கு என்கிற சேவகனுக்கு முப்பது புள்ளி. ஒன்பதுக்கு இருபது. ஆசுக்குப் பதினொன்று, பத்துக்குப் பத்து. ராசாவுக்கு வெறும் மூன்று, ராணிக்கு இரண்டு. எட்டும் ஏழும் ஒன்றுக்கும் உதவாது. பலமும் இதே ஒழுங்குதான்: யாக்கு எல்லோரையும் அடிப்பான், ஒன்பது யாக்கைத் தவிர எல்லோரையும் அடிக்கும். நாலு இனத்தையும் கூட்டினால் முந்நூற்று நாலு. பாதிக்கு மேல் பிடித்தவர் வென்றவர்.

எங்கள் கடதாசிக் கட்டில் கலாவரை எட்டு எப்போதோ தொலைந்து, சவர்க்காரப் பெட்டியின் அட்டையில் ஒன்று வெட்டிச் சேர்த்திருந்தார்கள். குப்புறக் கிடந்தாலும் அது எங்கே என்று குருடனுக்கும் தெரியும். அதைத் தெரிந்து வைத்துக்கொண்டு ஆடியும் நான் தோற்றேன் என்பதை அக்கரைப்பற்று வாசகர் குறித்துக்கொள்வாராக.

திரைக்கு அடியில்

லுஹர் தொழுகை முடிந்து, சோறு தின்று, ஊரே அயர்ந்திருக்கும் நேரம். உள்வாசலில் பாய். திரையின் அடியை ஹபீபா ஒரு முழத்துக்குச் சுருட்டி ஊசி குத்துவாள். அந்தப் பக்கம் மாமியின் எட்டு. இந்தப் பக்கம் என்னுடைய எட்டு. நிலையோரம் ஹபீபா, இரண்டு பக்கமும் தெரிய.

நான் கண்டது ஒரு வலது கை. மணிக்கட்டில் ஒற்றை வெள்ளிக் காப்பு. பெருவிரலில் சுண்ணாம்புக் கறை. அது வரும், கடதாசியைத் தொடும், தூக்காது. ஒரு விரலால் முன்னுக்குத் தள்ளும், சோற்றில் கல்லை ஒதுக்குவது போல. நான் மட்டும் ஒவ்வொன்றையும் தலைக்கு மேல் ஓங்கி அறைவேன்.

"மகள், பாய் பிஞ்சிரும் எண்டு சொல்லு."

ஒருநாள் பின்வாசலால் மாமியின் தங்கச்சி, ஹபீபாவின் சாச்சி, சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டா. ஊர்வாய் முழுவதையும் தன் வாய்க்குள் வைத்திருக்கிற மனுசி. ஊசி கழன்றது, திரை விழுந்தது. அந்தப் பக்கம் சுளகு ஒன்று தொப்பென்று கடதாசி மேல் உட்கார, அரிசி கொட்டுகிற சத்தம் கேட்டது. இந்தப் பக்கம் கிடந்த என் எட்டின் மேல் நான் அப்படியே குப்புறப் படுத்தேன்.

"மருமகனுக்கு என்ன கா, வாசலில படுத்துக் கிடக்காரு?"

"கவித எழுதுறாரு" என்றது மாமியின் குரல்.

சாச்சி அதை நம்பினா. அதுதான் எனக்குக் கவலை.

பத்து ஆட்டத்தில் மாமி ஏழு வெல்வா, நான் மூன்று. அந்த மூன்றையும் நான் என் திறமை என்றும், அந்த ஏழையும் என் மரியாதை என்றும் கணக்குப் பண்ணிக்கொண்டேன்.

கடிதம்

நாற்பது நாள் முடிய இரண்டு கிழமை இருக்கையில் நியமனக் கடிதம் வந்தது. குருநாகல் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். மட்டக்களப்புக்கு பஸ், அங்கிருந்து ஒரு பகல் முழுக்க ரயில்.

எனக்கு வேலை வேண்டும். ஹபீபாவும் வேண்டும். ஆனால் எங்கள் பக்கத்தில் பெண்ணை அவளுடைய வளவிலிருந்து கிளப்பிக்கொண்டு போவது என்பது கிணற்றைத் தோண்டியெடுத்துப் பெட்டியில் வைப்பது போன்ற காரியம். அதுவும் ஒரே பிள்ளை. போனால், அந்தத் திரைக்குப் பின்னால் ஒரு குரல் மட்டும் மிஞ்சும், கேட்க ஆளிருக்காது.

கேட்கப் பயம். கடிதத்தைக் கவிதைக் கொப்பிக்குள் ஒளித்தேன். அந்த வீட்டில் யாரும் தொடாத இடம் அதுதான்.

பிறகு ஒரு தந்திரம் செய்தேன். மாமியைத் தொடர்ந்து வெல்ல விடுவது. மனம் குளிர்ந்திருக்கும் ஒரு பகலில் மெல்லக் கேட்பது. என் சூழ்ச்சியின் நுட்பத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது. மூன்று நாள் ஒழுங்காகத் தோற்றேன், நூற்றிருபது, நூற்றுமுப்பது என்று கௌரவமான தோல்விகள்.

நாலாம் நாள், துருப்பு உருவித்தன். என் பக்கம் ஆடுத்தன் யாக்கு மலர்ந்து கிடக்கிறான். பக்கத்தில் ஆடுத்தன் ஏழு. கை வந்தது. ஒரு விரலால் ஆடுத்தன் ஒன்பதை முன்னுக்குத் தள்ளியது.

யாக்கு கண்ணுக்கு முன்னால் கிடக்க அவனுக்குக் கீழே ஒன்பதை இறக்குகிற பைத்தியம் இந்த ஆட்டத்தில் இல்லை. யாக்கைப் போட்டால் எனக்கு ஒரே பிடியில் ஐம்பது. பாவம் மாமி, வயசு, கண் மங்கியிருக்கும் என்று நினைத்தேன். மனசு நெகிழ்ந்தது. ஏழைப் போட்டேன்.

கை அப்படியே நின்றது. பிடியை எடுக்கவில்லை. பிறகு மெல்லத் திரைக்குப் பின்னால் போனது.

"மகள், அவருக்குக் கண் தெரியாதா எண்டு கேளு."

ஹபீபா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். ஊசி கழன்றது. திரை இறங்கியது.

மூன்று நாள்

சாப்பாட்டில் குறையில்லை. இடியப்பம் வந்தது, ஆணம் வந்தது. உறைப்பா என்று கேட்கும் குரல் மட்டும் வரவில்லை.

"உம்மாவுக்கு என்ன கோபம்?" என்று ஹபீபாவிடம் கேட்டேன்.

"நீங்க குருடெண்டு உம்மா நினைக்கல்ல. தன்னக் குருடி எண்டு நீங்க நினைச்சிட்டீங்களாம். ஒம்பத வேணுமெண்டுதான் போட்டாவாம். மூணு நாளா ஒங்கட ஆட்டத்தில ஐமிச்சமாம், வேணுமெண்டு தோக்கிறீங்க எண்டு."

"மரியாதைக்காகத்தான்..."

"எட்டுக் கடதாசியும் வெளிச்சத்தில கிடக்கிற ஆட்டத்தில என்ன களவு செய்யிற நீங்க?" அவள் குரலைத் தாழ்த்தினாள். "குருநாகலுக்கு என்னக் கூட்டிப்போகத்தானே இதெல்லாம்?"

கவிதைக் கொப்பி இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தேன்.

"தவால்காரன் கடிதத்த ஆர்ட கையில குடுத்தான் எண்டு நினைக்கிறீங்க? உம்மாட கையிலதான். உறையில குருநாகல் எண்டு இருந்தத நான்தான் வாசிச்சன். உங்கட தலகாணியில வச்சதும் உம்மாதான்."

"அப்ப... நீ வருவியா?"

"எனக்கு வர ஆச. உம்மாவத் தனிய விட ஏலா. ரெண்டும் உண்ம. நீங்கதான் நேர கேட்கணும். நான் சொல்லித் தரமாட்டன்."

அன்று பகல் நானே பாயை விரித்தேன். ஊசி குத்தத் தெரியாமல் விரலில் குத்திக்கொண்டேன். ஒரு பெரிய உரையை மனசுக்குள் தயாரித்து வைத்திருந்தேன். வேரும் கிளையும் கடலும் கரையும் அதில் வந்தன. திரைக்கு முன்னால் இருந்ததும் எல்லாம் போய்விட்டது.

"மாமி" என்றேன். அந்த வீட்டுக்கு வந்த பிறகு முதல் முறை. "எனக்குக் குருநாகல் பக்கம் வேல கிடைச்சிரிக்கி. ஹபீபாவக் கூட்டிப்போக ஆச. உங்களத் தனிய விடவும் மனசில்ல. கேட்கப் பயந்துதான் பொய்க்குத் தோத்தன்."

திரைக்குப் பின்னால் பாக்குவெட்டி ஒருமுறை கடித்தது. பிறகு:

"என்ன கா சொல்றாரு?"

"அவங்களே சொல்லிட்டாங்க உம்மா" என்றாள் ஹபீபா. "நான் சுருக்கிறதுக்கு ஒண்டுமில்ல."

"ம்." வெற்றிலை மெல்லும் சத்தம். "கடதாசிய எடு."

"நான் வென்றால் அனுப்புவாவா என்று கேள்" என்றேன்.

பதில் அடி போல வந்தது: "புள்ளயப் பந்தயம் வைக்கிற ஊடில்ல இது எண்டு சொல்லு. சும்மா ஆடச் சொல்லு. கண்ணத் திறந்து ஆடச் சொல்லு."

கண்ணைத் திறந்து

மாமி பங்கு போட்டா. துருப்பு சொல்வது நான். முதல் நாலைப் பார்த்தேன். கலாவரை யாக்கும் கலாவரை ஒன்பதும் அடுத்தடுத்துக் கிடந்தன! இப்படி ஒரு வரவு கலாசாலையில் இரண்டு வருடத்தில் எனக்கு வந்ததில்லை. "கலாவரை" என்று ஊருக்கே கேட்கக் கத்தினேன்.

முதல் பிடிக்கே யாக்கை அறைந்தேன். மாமி கலாவரை ஏழைத் தள்ளினா. அடுத்து ஒன்பதை அறைந்தேன். சவர்க்கார எட்டு வந்தது. இரண்டு பெரிய ஆட்களையும் இறக்கி இரண்டு உதவாக்கரைகளைப் பிடித்திருக்கிறேன் என்பது அப்போதும் உறைக்கவில்லை. ஐம்பது புள்ளி என்று மனசு துள்ளியது.

அதன் பிறகு என் குப்புறக் கிடந்தவை ஒவ்வொன்றாகத் திரும்பின. ராசா. ராணி. எட்டு. மறுபடியும் ராணி. அரண்மனை முழுவதும் என் வரிசையில் குடியிருந்தது. துருப்பு ஒன்றுகூட மிச்சமில்லை. அந்தக் கை வந்தது, ஒரு விரலால் தள்ளியது, எடுத்துக்கொண்டு போனது. மறுபடி வந்தது. நடுவில் ஒரே ஒருமுறை, ஒரு ஆசும் ஒரு பத்தும் இரக்கப்பட்டு என் பக்கம் வந்தன.

கூட்டினோம். எனக்கு எழுபத்தொன்று. மாமிக்கு இருநூற்று முப்பத்துமூன்று.

நான் பொய்யாகத் தோற்ற நாளில்கூட நூற்றிருபதுக்குக் குறைந்ததில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது: மாமியிடம் தோற்பதற்கு நான் எந்த முயற்சியும் எடுத்திருக்கத் தேவையில்லை.

மாமிக்கும் அதே நேரத்தில் விளங்கியிருக்க வேண்டும். திரைக்குப் பின்னால் ஒரு சத்தம். முதலில் இருமல் என்று நினைத்தேன். சிரிப்பு. வெற்றிலை புரையேற, காப்பு குலுங்க, தரையில் தட்டித் தட்டிச் சிரிப்பு.

"அல்லாவே... இந்த ஆட்டத்த வச்சிக்கிட்டா மகள் இவர் எனக்கு விட்டுக்குடுத்தவர்?"

ஹபீபா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். நான் தனியே, கவனமாக, என் ராணிகளைப் பொறுக்கிக் கட்டினேன்.

கூட்டிப்போவதைப் பற்றி அன்று ஒரு சொல்லும் இல்லை. மறுநாளும் இல்லை. ஒவ்வொரு பகலும் ஆடினோம். ஒவ்வொரு பகலும், எந்தக் களவும் இல்லாமல், மிக நேர்மையாகத் தோற்றேன். மாமி ஒன்றும் சொல்லவில்லை என்றால் விருப்பமில்லை என்றுதான் அர்த்தம் என்று எடுத்துக்கொண்டேன். தனியே போக மனசைத் தேற்றினேன். பெருநாளுக்கு வரலாம். கடிதம் எழுதலாம். பிரிவு என்ற தலைப்பில் மூன்று வசனகவிதைகளுக்குத் தொடக்கவரிகூடக் கிடைத்துவிட்டது. அந்த வேதனையிலும் அதற்காகக் கொஞ்சம் சந்தோசப்பட்டேன், உண்மையைச் சொன்னால்.

புறப்படும் நாள், சுபஹு தொழுது வந்ததும், பெட்டியைக் கட்டினேன். வெயில் அப்போதுதான் தென்னைகளின் நடுவே இறங்குகிறது. ஹபீபா வாழையிலையில் பொதி செய்த சோற்றைக் கையில் தந்தாள். கண்ணைப் பார்க்கவில்லை. நான் திரைப்பக்கம் திரும்பி, வழக்கப்படி அவளிடம் சொன்னேன்: "உம்மாக்குச் சொல்லு. நான் போய்ட்டு வாறன். ஸலாம்."

ஹபீபா வாயைத் திறப்பதற்குள் திரை கொஞ்சம் விலகியது. முகம் தெரியவில்லை. முக்காட்டின் ஓரமும் அந்தக் கையும் மட்டும். அவளைப் பார்த்தல்ல, என்னைப் பார்த்து:

"மருமகன், அங்க ஊடு பார்க்கக்குள்ள ரெண்டு அறை உள்ளதாப் பாருங்க. நானும் வருவன்."